வென்றவன் பட்ட கடன்: தகடூர் முதல் சேலம் சிறை வரை

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் அமைந்துள்ள மேட்டில் நின்று, கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டுத் திசைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால், தமிழில் போரைப் பாடிய மிகப் பழைய பாடல்களின் நிலம் சுற்றிலும் கிடப்பது புரியும். வடக்கே தகடூர், இன்று அதற்குத் தர்மபுரி என்று பெயர். தென்கிழக்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. கிழக்கே, கல்வராயன் மலைத்தொடரைக் கடந்தால், மலையமான்களின் கோவலூரான திருக்கோவிலூர். தென்மேற்கே தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரி. மலையை விட்டு இறங்கிச் சேலத்துக்குள் நுழைந்தால் அஸ்தம்பட்டிப் பக்கம் மத்தியச் சிறை. தர்மபுரி 1965 வரையிலும் நாமக்கல் 1997 வரையிலும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன என்பதால், பழைய சேலம் ஜில்லாக்காரர் ஒருவருக்கு இவற்றில் பெரும்பாலானவை சொந்த ஊர்க் கதைகளே.

மலைமேல் வாழும் மலையாளி மக்களின் பிறப்புக் கதையே ஓர் இடப்பெயர்வின் கதை. காஞ்சியை விட்டு வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக அவர்கள் சொல்லி வருகிறார்கள். போர்க்களத்தை ஆண்டவர்களின் வரலாறு பாட்டிலும் கல்லிலும் எழுதப்பட்டபோது, ஊரை விட்டு வெளியேறியவர்களின் வரலாறு இப்படி வாய்வழிக் கதையாகத்தான் மலையேறியிருக்கிறது.

போரும் நீதியும் என்ற பொருளைத் தமிழ் இலக்கியத்தில் தேடிப் போகும் இன்றைய வாசகருக்கு முதலில் ஏமாற்றமே காத்திருக்கும். போர் தொடுத்தது சரியா தவறா என்று சங்கப் பாடல்கள் கேட்பது மிக அரிது. பகைவர் ஊரை எரித்ததையும் வயலைச் சூறையாடியதையும் அவை தயக்கமின்றிப் புகழ்கின்றன. வென்ற ஊரின் தெருவில் கழுதைகளை ஏரில் பூட்டி உழுது, வெள்ளை வரகும் கொள்ளும் விதைப்பது அன்றைய வெற்றிச் சடங்கு. அதியர் மரபின் பொகுட்டெழினி அப்படிச் செய்ததை ஒளவையாரே புறநானூற்றின் 392-ஆம் பாடலில் பெருமையாகப் பாடுகிறார். ஆனால் அந்தப் பாடல்கள் வேறொரு கேள்வியை விடாமல் கேட்கின்றன என்பது சற்று நின்று படித்தால் தெரியும். வென்ற பிறகு என்ன? தோற்றவனுக்கும், அவன் பிள்ளைகளுக்கும், அவன் குடிகளுக்கும் வென்றவன் என்ன கடன் பட்டிருக்கிறான்? தமிழ் மரபில் போர் குறித்த நீதி விசாரணை களத்தில் வாள் உறைக்குள் போன பிறகுதான் தொடங்குகிறது என்பது என் வாசிப்பு. அந்த விசாரணையைத் தொடங்குபவர் பெரும்பாலும் ஆயுதம் ஏந்தாதவராக இருக்கிறார்.

தகடூர்ப் போரே இதற்கு முதற் சான்று. தகடூரை ஆண்ட அதியமான்களின் கோட்டையைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான்; 'தகடூர் எறிந்த' என்பது அவனுடைய பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து முழுவதும் அவனைப் பாடுகிறது. பாடியவர் அரிசில் கிழார். பத்து முடிந்ததும் ஒன்பது நூறாயிரம் காணம் எனும் பொற்காசுகளோடு தன் அரசு கட்டிலையும் சேரன் அவருக்குக் கொடுத்ததாகவும், அவர் ஆட்சியை அவனிடமே திருப்பிக் கொடுத்து அமைச்சுப் பூண்டதாகவும் அப்பத்தின் பதிகம் சொல்கிறது. வென்றவனுக்கு இதைவிட நெருக்கமான புலவர் இருக்க முடியாது.

அதே அரிசில் கிழார்தான் தகடூரில் வீழ்ந்த அதியமான் எழினிக்காக இரங்கிப் பாடிய புறநானூற்றின் 230-ஆம் பாடலையும் எழுதியவர். அந்தப் பாடலின் கட்டமைப்பு வியப்பூட்டுவது. கன்றுகளோடு கூடிய ஆநிரை காட்டிலேயே அச்சமின்றி இரவு தங்கும். சூடு பரந்த வழியில் நடந்து வரும் அயலார் விரும்பிய இடத்தில் தங்குவர். களத்து நெற்குவியல்கள் காவலில்லாமல் கிடக்கும்: எழினியின் ஆட்சி இப்படி இருந்தது என்று தொடங்குகிறது பாடல். அவன் இறந்ததும், தாயை இழந்த குழந்தைகளைப் போல அவன் சுற்றம் அங்கங்கே நின்று வருந்துகிறது. நாடு பசியில் கலங்குகிறது. இந்த இழப்புகளை எல்லாம் சொல்லிவிட்டு, இவர்கள் எல்லாரையும்விட அதிகம் இழந்தது நீதான் என்று எமனைப் பார்த்துச் சொல்கிறார் புலவர். வறுமையில் வீழ்ந்த உழவன் விதை நெல்லைச் சமைத்துத் தின்றதைப் போல நீ இவனுடைய உயிரைத் தின்றுவிட்டாய்; இவன் உயிரோடு இருந்திருந்தால் இவனுடைய போர்க்களங்களில் எத்தனையோ பகைவர் உயிர்களைப் பருகி நிறைந்திருப்பாய் என்கிறார். எமனுக்கு அவர் தரும் அடைமொழி 'அறனில் கூற்றம்'.

இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். எழினியைக் கொன்றது கூற்றம் மட்டுமா? கொன்ற படைக்கு ஒரு தலைவன் உண்டு. அவன் புலவரின் புரவலன். அவனை அறமற்றவன் என்று சொல்ல வாய் வராத இடத்தில் எமனைச் சொல்லியிருக்கிறார் என்று நான் படிக்கிறேன். வேறு விதமாகவும் படிக்க இடமுண்டு. எமனைப் பழிப்பது, இறந்தவருக்கு இரங்கிப் பாடும் கையறுநிலைப் பாடல்களின் பொது வழக்கு என்று ஒருவர் வாதிடலாம். ஆயினும் விதை நெல்லைத் தின்பது குற்றம் என்பதை விட, அது அறியாமை, தன் வயலின் நாளைய வளத்தைத் தானே அழித்துக்கொள்வது என்ற உவமை, வென்றவன் காதில் விழ வேண்டிய கணக்காகவே தோன்றுகிறது. களத்து நெல்லுக்குக் காவல் தேவைப்படாத நாட்டை அழித்தவனுக்குக் கிடைத்தது என்ன என்று பாடல் கேட்காமல் கேட்கிறது.

இந்தச் சேரனைக் கொடியவன் என்று ஒதுக்கவும் முடியாது. போர் முரசை வைக்கும் முரசு கட்டிலில் அறியாமல் படுத்து உறங்கிய புலவர் மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், அவர் விழிக்கும் வரை கவரி வீசி நின்றவன் இவனே என்கிறது புறநானூற்றின் 50-ஆம் பாடல். மறு பக்கத்தில் அதியமானும் குற்றமற்றவன் அல்லன். அவன் கோவலூரை அழித்ததைப் பரணர் பாடினார் என்று ஒளவையாரே 99-ஆம் பாடலில் சொல்கிறார். தோற்றவனை நல்லவனாகவும் வென்றவனைத் தீயவனாகவும் பிரித்துக்கொண்டால் எளிதாகிவிடும் வேலையை இந்தப் பாடல்கள் நமக்குச் செய்து கொடுப்பதில்லை.

கொல்லிமலைக் கதை இன்னும் இறுக்கமானது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்பது அகநானூறு 209-இல் வரும் செய்தி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நற்றிணை 320. அது போர்ப் பாடலே அன்று. பரத்தை ஒருத்தி தெருவில் நடந்து போனபோது ஊரில் எழுந்த சலசலப்பைச் சொல்லும் அகப்பாடல். அந்தச் சலசலப்புக்குக் கபிலர் காட்டும் உவமை, ஓரியைக் கொன்ற பின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம். காரி கபிலர் பாடிய வள்ளல்களில் ஒருவன். அப்படியிருந்தும், தோற்ற ஊரின் தெருவில் கேட்ட இரைச்சல் கபிலரின் நினைவில் தங்கி, போருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டுக்குள் வந்து நிற்கிறது. வெற்றியைத் தெருவில் நின்றவர்களின் காது வழியாகக் கேட்ட பதிவு இது.

காரியின் மரபுக்கும் காலம் திரும்பியது. மலையமானின் பிள்ளைகளைச் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் பிடித்து யானைக் காலில் இட முற்பட்டபோது, கோவூர் கிழார் இடைபுகுந்து பாடியது புறநானூறு 46. நீ புறாவின் துன்பத்தையும் தீர்த்தவன் மரபில் வந்தவன்; இவர்கள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் வழியினர் என்று முதலில் இரு குடிகளையும் ஒரே தட்டில் வைக்கிறார். அடுத்து அவர் செய்வது வாதமே அன்று. காட்சியைக் காட்டுவது மட்டுமே. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட சிறுவர்கள், பழக்கமில்லாத மன்றத்தை மருண்டு பார்த்துப் புதிய துன்பம் ஒன்றை உணர்கிறார்கள். 'கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே' என்று முடிகிறது: கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய். அரசனின் அதிகாரத்தில் கை வைக்காமல், அந்த அதிகாரத்தின் முழுப் பொறுப்பையும் அவன் தலையில் ஏற்றிவிடும் இந்த ஓரடியைப் போல ஒரு வழக்காடலைப் பின்னாளைய நீதிமன்ற வரலாற்றிலும் எளிதில் காண முடியாது.

பாடல்கள் அரசவையோடு நின்றுவிடும். பெயரில்லாமல் செத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் நடுகற்களிடம் போக வேண்டும். பழைய சேலம் மாவட்டத்தின் வட பகுதியும் அதை ஒட்டிய செங்கம் பகுதியும் தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்து கிடைக்கும் இடங்கள்; தர்மபுரி அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாகக் காணலாம். பல கற்களில் வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டும், யார் யாருடைய தொறுவை எப்போது கொண்டார்கள், அதை மீட்டுப் பட்டவன் யார் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. தொறுவைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. ஆநிரை கவரும் வெட்சியும் அதை மீட்கும் கரந்தையும் ஒரே மண்ணில் நிற்கின்றன. செங்கத்துக்கு அருகில் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், இறந்த வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்து நின்ற நாய் அது. பேரரசுகளின் வரலாற்றில் ஒரு படைவீரனின் பெயரே தேறாத காலத்தில், ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அதியமான் இறந்தபோது அவனுக்கும் மயிற்பீலி சூட்டிய கல்தான் மிஞ்சியது. நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை இப்போது கொள்வானோ என்று ஒளவையார் அந்தக் கல்லின் முன் நின்று கேட்கிறார்.

அதியரின் பெயர் தமிழ் நிலத்துக்கு வெளியிலும் கல்லில் ஏறியிருக்கிறது. அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் குறிப்பிடுகிறது. இவர்கள் யார் என்ற நீண்ட விவாதத்துக்கு 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகில் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு விடையளித்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்பது அதன் வாசகம்: சதியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை உறைவிடம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டதாகவும் பதின்மூன்றாம் சாசனத்தில் எழுதி வருந்தியவன் இந்த அசோகன். வென்றவனே தோற்றவரின் கணக்கை எழுதிய அரிய ஆவணம் அது. ஆனால் கலிங்கத்துக்குள் தௌலியிலும் ஜௌகடாவிலும் வெட்டப்பட்ட சாசனத் தொகுதிகளில் அந்தப் பதின்மூன்றாம் சாசனம் மட்டும் இல்லாமல் போயிற்று. பதினொன்றும் பன்னிரண்டும்கூட இல்லை. அவற்றுக்குப் பதிலாக அதிகாரிகளுக்கான வேறு இரு சாசனங்கள் உள்ளன. வருத்தம் உலகுக்குச் சொல்லப்பட்டது. புண்பட்டவர்களின் ஊரில் சொல்லப்படவில்லை.

அதே கலிங்கத்தின் மீது ஏறத்தாழ 1,370 ஆண்டுகளுக்குப் பிறகு முதற் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சென்றபோது, தமிழில் பிறந்தது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. பரணி என்ற இலக்கிய வகைக்குத் தோற்றவரின் பெயரையே வைப்பது மரபு. ஆனால் தலைப்பில் இடம் கொடுத்த அந்த மரபு உள்ளே அவர்களுக்குக் குரல் கொடுக்கவில்லை. பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுகின்றன. தப்பி ஓடும் கலிங்க வீரர்கள் மயிரைப் பறித்துக்கொண்டு சமணர் என்றும், வில்லின் நாணைப் பூணூலாக்கி அந்தணர் என்றும் நடித்துப் பிழைக்கிறார்கள். ஓசை நயத்தில் அந்த நூலுக்கு இணையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் மேலே சொன்ன வாசிப்புக்கு அது பெரிய இடையூறு என்பதையும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

வேடமிட்டுத் தப்பும் அந்தக் காட்சி சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலும் வருகிறது என்பதுதான் ஆறுதல். அங்கே அது நகைப்பாக முடிவதில்லை. நீதி கேட்டு மதுரையை எரித்த கண்ணகிக்குக் கல் நடுவதற்காகச் செங்குட்டுவன் வடக்கே படையெடுத்துச் சென்று, இமயத்துக் கல்லைத் தோற்ற மன்னர்களான கனக விசயரின் தலையில் ஏற்றிக் கொண்டு வருகிறான். ஒரு பெண் கேட்ட நீதிக்கு நினைவுக் கல் எடுக்க இன்னொரு போரா என்ற கேள்வி நமக்கு மட்டும் எழவில்லை, காப்பியத்துக்குள்ளேயே எழுகிறது. தவ வேடத்தில் ஓடியவர்களைப் பிடித்து வந்தது வெற்றியாகாது என்று சோழனும் பாண்டியனும் சொன்னதாகச் செய்தி வருகிறது. செங்குட்டுவனின் கண் சிவக்கிறது. அப்போது பேசுபவன் மாடலன் என்ற மறையவன். ஐம்பது ஆண்டு ஆட்சி செய்தும் நீ மறக்கள வேள்வியே செய்தாய், அறக்கள வேள்வி செய்யவில்லை என்கிறான். அரசன் சினம் தணிந்து, சிறைப்பட்ட ஆரிய மன்னரை விடுவித்து மாளிகையில் தங்கவைக்கிறான். 'சிறையோர் கோட்டம் சீமின்' என்று ஆணையிட்டுச் சிறைகளைத் திறக்கச் செய்கிறான். குடிகளின் வரியையும் நீக்குகிறான். கண்ணகியின் கல்லுக்கு உண்மையான கால்கோள் இமயத்தில் நடந்ததா, இந்த ஆணையில் நடந்ததா என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்வளவையும் இரண்டு அடியில் வைத்தவர் திருவள்ளுவர்தான். படைச்செருக்கு அதிகாரத்தின் 773-ஆம் குறள், பகைவர் மேல் கண்ணோடாத வீரத்தைப் பேராண்மை என்கிறது; அந்தப் பகைவருக்கு ஒரு கேடு வந்தபோது கை கொடுக்கும் ஊராண்மையே அந்த வீரத்தின் 'எஃகு' என்கிறது. இராவணன் படை முழுவதையும் இழந்து தனியனாக நின்றபோது 'இன்று போய் நாளை வா' என்று இராமன் விட்டதை இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார் பரிமேலழகர். எஃகு என்பது இங்கே கூர்மை. கஞ்சமலையின் இரும்பைக் கண்டும் அதன் அடியில் உருக்காலையைக் கண்டும் வளர்ந்த சேலத்து ஆட்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கூர் போன இரும்பு வெறும் எடைதான்.

ஏட்டில் எழுதப்படாத அளவில் இந்தக் கேள்வியை விடாமல் வைத்திருப்பது தெருக்கூத்து. வட மாவட்டங்களிலும் சேலத்துச் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும்போது, மக்கள் அதிகம் கண்ணீர் விடுவது பாண்டவர் வெற்றிக்கு அன்று. கர்ண மோட்சத்தில் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பிரியும் இடத்திலும், பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்ந்து பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கும் இடத்திலும்தான். தவறு எந்தப் பக்கம் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை; திரௌபதி கூந்தல் முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் திருவிழாவே நடக்கிறது. அப்படியும் தோற்றவனின் மனைவிக்கு அழுவதற்கு நேரம் ஒதுக்கப்படுகிறது.

புலவர்களும் ஒப்பாரிப் பெண்களும் இல்லாத போர்களின் காலம் 1792-இல் சேலத்துக்கு வந்தது. மூன்றாம் மைசூர்ப் போரை முடித்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். அது கட்டி முடியும் வரை தம் மகன்கள் இருவரைப் பிணையாக அனுப்பினார். பாரமகால் எனப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது இந்த ஏட்டில்தான். மலையமானின் பிள்ளைகள் மன்றத்தில் நின்ற காட்சி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. திப்புவின் பிள்ளைகள் 1794-இல் திரும்ப அனுப்பப்பட்டார்கள், சேலம் திரும்பவில்லை. கம்பெனி இங்கே அனுப்பியவர்கள் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும். அவர்கள் நிலத்தை அளந்து, வயல் வாரியாகத் தீர்வை கட்டிய முறையிலிருந்துதான் உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் பின்னாளைய ரயத்துவாரி முறை வளர்ந்தது. சேலத்து உழவனுக்கு அந்தப் போரின் முடிவு தீர்வை ரசீதாகத்தான் வந்து சேர்ந்தது.

திப்புவோடு நின்று, அவர் 1799-இல் வீழ்ந்த பிறகும் கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை, 1805 ஜூலை 31 அன்று தம்பியரோடு சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அன்று ஆடிப்பெருக்கு. காவிரியில் புதுவெள்ளத்தை வணங்கும் நாளும் அவருடைய நினைவு நாளும் இந்தப் பக்கத்தில் இன்றும் ஒன்றாகவே வருகின்றன. வென்றவர் தரப்பிலிருந்து அவருக்குக் கையறுநிலை பாட அரிசில் கிழார் ஒருவர் இல்லை. கொங்கு நாட்டின் நாட்டுப்புறப் பாட்டும் வாய்மொழிக் கதையும் அந்த வேலையைப் பல தலைமுறை செய்தன.

அதன்பின் போராட்டத்தின் களம் நீதிமன்றத்துக்கு மாறியது. 1882-இல் சேலத்தில் மூண்ட வகுப்புக் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கறிஞரும் நகராட்சி உறுப்பினருமான சி. விஜயராகவாச்சாரியார் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பலர் அதோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பறிக்கப்பட்ட நகராட்சிப் பதவிக்காக அவர் மீண்டும் வழக்காடி, அரசிடமிருந்து 100 ரூபாய் இழப்பீடும் பெற்றார். தம்மோடு தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுதலைக்காக வைசிராய் ரிப்பன் பிரபு வரை முறையிட்டார். தன் வழக்கு தீர்ந்த பிறகும் தோற்றவர்களின் வழக்கை விடாமல் நடத்தியதால்தான் 'தென்னிந்தியாவின் சிங்கம்' என்ற பெயர் அவருக்குப் பொருந்துகிறது என்பேன். 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். பத்தாண்டு கழித்து உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய நடைப்பாட்டு, கத்தியும் ரத்தமும் இல்லாத ஒன்றையும் 'யுத்தம்' என்றே அழைத்தது. போரைக் கைவிட்டவர்களுக்கும் போரின் சொல் தேவைப்பட்டது.

1950 ஜனவரி 26 அன்று இந்தியா தனக்கென ஓர் அரசியல் சாசனத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரிலிருந்து, நிலத்துக்கும் நெல்லுக்குமான விவசாயப் போராட்டங்களில் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். அரசியல் கைதிகளாக நடத்தப்பட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. நிராயுதபாணிகள், பூட்டிய கதவுக்குள் இருந்தவர்கள், அயல் மொழி பேசும் ஊரில் இருந்தவர்கள். வென்றவனின் கையில் முழுமையாக அகப்பட்டவர்கள் என்றால் இவர்கள்தான். வடகேரளக் கிராமங்களில் அவர்கள் பெயர் நிலைத்திருக்கிறது. அந்த மதிலைக் கடந்து ஏற்காடு பேருந்தில் போகும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம்.

இரண்டு வாரத்துக்குள் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் கீழ்ச் சிறையில் இருந்த மலபார்த் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950 மே 19 அன்று தீர்ப்பளித்தது. காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த 14-ஆம் பிரிவை மட்டும் நீதிபதிகள் செல்லாதாக்கினார்கள். சட்டத்தை நிலைக்க விட்டார்கள். சட்டம் வகுத்த நடைமுறை என்று சாசனத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும்போது, அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையின் கருத்து. நீதிபதி பசல் அலி அதற்கு உடன்படவில்லை. ஒருவரைக் கேளாமல் தண்டிக்கும் நடைமுறையை நடைமுறை என்று ஏற்க முடியாது என்ற திசையில் அவருடைய மாறுபட்ட தீர்ப்பு சென்றது. 'கேட்டனை ஆயின்' என்று கோவூர் கிழார் சொன்னதும் ஏறக்குறைய அதையேதான்: செய்வதற்கு முன் கேள். பெரும்பான்மையின் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் கைவிட்டு, நடைமுறை நியாயமானதாக இருந்தே தீர வேண்டும் என்று சொன்னது 1978-இல், மேனகா காந்தி வழக்கில்.